ஓட்டை போடாத கூரை

என் பிரியமுள்ள செல்வின் அத்தானுக்கு,

உங்களுக்கு ஒன்று எழுதுவதென்றால் கேலியில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதுதானே நம் வழக்கம். காலையிலிருந்து யோசித்தும் ஒரு கேலியும் வரவில்லை. அதனால் நேராகவே எழுதுகிறேன். நேராகப் பேசுவதை நீங்கள் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வைகாசி பிறந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் குடையும் தார்ப்பாயும் வெளியே தொங்க ஆரம்பித்துவிட்டன. இன்னும் பத்து நாளில் இடவப்பாதிப் பருவமழை தொடங்கிவிடும் என்கிறார்கள். ஜெனிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் உங்கள் சின்ன வயதுப் போட்டோ மாதிரியே இருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். அக்கா நம் ஆரியசாலை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அத்தான். கட்டடங்களின் உறுதியைப் பார்த்துச் சொல்கிற ஒரு சின்ன ஆபீஸ். நான் வாயே திறக்காததால் முதலில் வரைபடம் போட உட்கார வைத்தார்கள். இப்போது சைட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

நம் திருச்சபையின் ஆண்டு மலருக்கு, மறைந்தவர்களைப் பற்றி வீட்டுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் எனக்கு முடியவில்லை. மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர்கள் படிக்க வேண்டும்.

படிப்பவர்களில் சிலருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் கூரை டிரஸ் வேலை செய்தவர். மொட்டை மாடியின் மேல் இரும்புக் குழாய்களைச் சட்டமாகப் பற்ற வைத்து, அதன் மேல் தகர ஷீட்டு போடுகிற வேலை. திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு கூரை இல்லாத மாடி வீடு இன்று குறைவு. மழைத் தண்ணீர் கான்கிரீட்டில் இறங்கக் கூடாது, மழைக்காலத்தில் துணி காய வேண்டும், கீழறையில் சூடு இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அந்தக் கூரைதான். நாலு பக்கமும் திறந்து, தலைக்கு மேல் நீல ஷீட்டோ பச்சை ஷீட்டோ போட்டு நிற்கும்.

நீங்கள் அக்காவைக் கல்யாணம் செய்து வந்தபோது நான் பிளஸ் டூ. அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போயிருந்தார். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட மணி அடிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற பெண்ணாக இருந்தேன். நம் வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. "இவ படிக்கட்டும் அம்மே. இவ வாயத் தெறக்க மாட்டா. கையெழுத்து போட்டுப் பொழைக்கட்டு" என்று அம்மாவிடம் சொல்லி, என்னை இன்ஜினியரிங்கில் சேர்த்து விட்டது நீங்கள்.

உங்களிடம் மட்டும் எனக்கு வாய் திறந்தது. காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் அத்தானும் கொழுந்தியாளும் பேசினால் அது கேலிதான். எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து நிதானமாக இரண்டு வார்த்தை பேசினால்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கேலி என்பது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. சொன்னது தப்பாகப் போனால், சும்மா சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம்.

"என்னம்மா இஞ்சினீயரு, இந்த மாசம் எத்தன பாலம் கெட்டின?" என்று வீட்டுக்குள் நுழைவீர்கள்.

"நீங்க சட்டையில ஓட்ட போட்டதவிடக் கொறவுதான்" என்பேன். வெல்டிங் பொறி பட்டு உங்கள் சட்டையெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கும்.

அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் திங்க வாறீயளா?" என்பாள். ஐந்து வருஷம் நாம் இப்படியே பேசினோம். இதைத் தவிர வேறு மாதிரி நாம் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா?

ஒவ்வொரு கூரையும் முடிந்த அன்று அதை போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். விழிஞ்ஞத்துக்கு மேலே குன்றின் மேல் இருக்கிற சுகுமாரன் சார் வீட்டுக் கூரை முடிந்த அன்று மட்டும் எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பெரிய கிரேன்களும், அதற்கு அப்பால் கப்பல்களும் தெரியும். ஜெனியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலாகக் காட்டினீர்கள். சிவப்பு ஷீட்டு. முப்பது அடி நீளம். நீங்கள் செய்ததிலேயே பெரியது அதுதான்.

நான் கப்பலைப் பார்க்கவில்லை. தூண்களின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாத் தூண்களும் கைப்பிடிச் சுவரின் மேல்தான் நின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தகடு, தகட்டில் நாலு சின்ன ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவும் சுவரின் சிமெண்டுப் பூச்சைத் தாண்டி எவ்வளவு போயிருக்கும்? கான்கிரீட் தளத்தில் ஒரு போல்ட்டு இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். 'டெரஸ்ல மட்டும் ஓட்ட போடப்பிடாது, கேட்டோ? பின்ன சோரும்.' மழைக்கு ஒழுகாமல் இருக்கத்தான் கூரையே போடுகிறார்கள். அதற்காகத் தளத்தில் துளை போடுவதா என்று கேட்டால், கேட்பவர் பக்கம் நியாயம் இருப்பது மாதிரிதான் தோன்றும். இந்த ஊருக்கு மழையைத் தெரிந்த அளவு காற்றைத் தெரியாது.

எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் அதை எங்களுக்கு வகுப்பில் நடத்தியிருந்தார்கள். திறந்த கூரைக்குள் புகுகிற காற்று கீழிருந்து தள்ளும். அதே நேரம் மேலே ஓடுகிற காற்று ஷீட்டை உறிஞ்சி இழுக்கும். இரண்டும் சேரும்போது கூரையின் எடை ஒன்றுமே இல்லை. கூரையைக் கீழே பிடித்து இழுத்து வைத்திருக்க வீட்டின் எடை வேண்டும். தூண் தளத்தோடு, தளத்துக்கு அடியில் ஓடும் பீமோடு, பிணைந்திருக்க வேண்டும். பரீட்சைத் தாளில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்று அந்த மாடியில் உங்களிடம் சொன்னது என்ன?

"அத்தான், கூர ஜோரா இருக்கு. ஆனா ஒரு காத்து அடிச்சா உங்ககிட்ட கோவிச்சுட்டுக் கடலத் தாண்டிப் போயிரும். காலுல ஒரு போல்ட்டு இல்ல பாருங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "போனா போட்டு பிள்ளே. மாலத்தீவுல ஒருத்தனுக்குச் சும்மா ஒரு கூர கெடைக்கும்லா."

அக்கா சிரித்தாள். ஜெனி எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன், அத்தான்.

பிறகு மழை பிடித்தது. புது வேலை ஒன்றும் வரவில்லை. ஐப்பசி கடைசியில் அந்த நாள் வந்தது.

முந்தின நாளே கடலுக்குப் போக வேண்டாம் என்று விழிஞ்ஞத்தில் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் நீங்கள் சோற்றில் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் சுகுமாரன் சாரின் குரல். "செல்வினே, ஷீட்டு கெடந்து துள்ளுந்நு. நீ வேகம் வா."

பாதிச் சோற்றில் கை கழுவினீர்கள். அக்கா, "இந்தக் காத்துலயா?" என்றாள். "ஒரு கயறு கெட்டிட்டு வந்துருவேன். அர மணிக்கூறு வேல" என்றீர்கள். தெருமுனையில் உங்கள் கூட வேலை செய்கிற மணியண்ணன் ஸ்கூட்டரோடு நின்றார்.

நான் வாசலில்தான் நின்றேன். 'மேலே ஏறாதீங்க' என்பது இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் குரலில் நான் உங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அம்மா நின்றாள், அக்கா நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாகப் போகிறவரைத் தடுக்க வெட்கப்பட்டேன் என்று இப்போது எழுதும்போது என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"குட எடுத்துட்டுப் போங்க அத்தான், கரைஞ்சு போயிருவீங்க" என்றேன்.

"நான் பிடிக்கப் போறதே முப்பதடிக் குடைதான் பிள்ளே" என்றீர்கள். சிரித்துக்கொண்டே மழைக்குள் இறங்கினீர்கள்.

மிச்சத்தை மணியண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் கீழே நின்று கயிற்றை வீசினாராம். நீங்கள் மேலே நின்று அதைக் கூரையின் சட்டத்தில் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் சுற்றப் போனீர்களாம். மழையில் கயிறு வழுக்கியதால் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டீர்களாம். "சத்தமே இல்ல மோளே. கொட விரியுத மாதிரி எழும்பிச்சு. அப்பிடியே முழுசா. ஒரு வெல்டு விடல்ல" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு பெரிய மனிதன் அழக் கூடாத விதமாக அழுதார்.

ஒரு வெல்டும் விடவில்லை, அத்தான். விட்டிருந்தால் ஷீட்டு துண்டு துண்டாகப் பறந்திருக்கும், உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். நீங்கள் அவ்வளவு நன்றாகப் பற்ற வைத்ததால்தான் கூரை ஒரே துண்டாக எழுந்து, கைப்பிடிச் சுவரின் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு, கயிற்றோடு உங்களையும் எடுத்துக்கொண்டு போனது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பெட்டியில் வைக்கும்போது உங்கள் கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டார்கள். போடுவதற்கு முன் வலது உள்ளங்கையை நான் பார்த்துவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

வந்தவர்கள் எல்லாரும், காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். அம்மா தலையாட்டினாள். அக்கா தலையாட்டினாள். என் தலை ஆடவில்லை. அந்த வருஷம் நான் பாஸானேன். நம் வீட்டின் முதல் பட்டம். அக்கா கேசரி கிண்டினாள். யாரும் ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிடவில்லை. வாசலில் வந்து நின்று, 'என்னம்மா இஞ்சினீயரு' என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பட்டத்தை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அலமாரிக்குள் வைத்துவிட்டோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குத் தூக்கம் போனது. உங்கள் போனில் இருக்கிற கூரைகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. இருபத்திரண்டு போட்டோ. எல்லாக் கூரையும் அதே மாதிரிதானே நிற்கும்? அதன் கீழே யாராவது துணி காயப் போடுவார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டும். அடுத்த காற்றில் ஒரு போன் வரும், இன்னொருவர் கயிற்றோடு ஏறுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அக்காவிடம் கேட்டேன். "அத்தானுக்க போனை ஒண்ணு தரியாக்கா? அந்த வீடுகளுக்கு எல்லாம் போயிச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"தூணுக்கு அடியில பிடிப்பு பத்தாதுன்னு. போல்ட்டு போடணும்னு."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "வீடு வீடாப் போயி, எனக்க அத்தான் வேல தெரியாதவன்னு சொல்லப் போறியா? படிச்சுட்டல்லா நீ. அவரு போட்ட சோத்தத் தின்னு படிச்சுட்டு, இப்ப அவருக்க பேரையும் குழியில போட்டு மூடப் போறியா?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லல..."

"அந்த மனுஷன் செத்தது போதாதா உனக்கு?"

அம்மா வந்து எங்கள் நடுவில் நின்றாள். போனைத் தையல் மெஷினின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள் அக்கா. ஒரு மாதம் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவள் கையில் உங்களிடமிருந்து மிஞ்சியது அந்தப் பேர் ஒன்றுதானே?

அப்போதுதான் மணியண்ணன் வந்தார். சுகுமாரன் சார் அவரைப் புதுக் கூரை போடக் கூப்பிட்டிருந்தார். "நீயும் கூட வா மோளே. அந்த டெரஸுல ஒத்தைக்குக் கேற எனக்குக் காலு வரல்ல" என்றார்.

போனேன். சார் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் பத்து வருஷம் இருந்ததால் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். என்னைப் பார்த்ததும், "இது ஆரு?" என்று மணியண்ணனிடம் கேட்டார். "செல்வினுக்க கொழுந்தியா, சார்" என்றதும், நாற்காலியிலிருந்து எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சினீயரிங் படிச்ச குட்டியல்லே?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

"அவன் வந்தான் மோளே" என்றார். "பணி முடிஞ்சு மூணாம் நாள். தனியா. 'சாரே, தூணெல்லாம் எறக்கித் தளத்துல போல்ட்டு போட்டுத் தரேன், ஒரு சொட்டு சோராது, எனக்க பொறுப்பு'ன்னான். ஆரு சொன்னதுன்னு நான் கேட்டேன். 'எனக்க கொழுந்தியா சொன்னா'ன்னான். எனிக்கு சிரிப்பு வந்துபோயி. 'கொழுந்தியா களியாக்கினதுக்கு என்டெ டெரஸிலா ஓட்ட? ஆத்யம் அவள் பாஸாவட்டே, பின்ன நோக்காம்'னு பறஞ்சு."

கொழுந்தியாள் கேலி செய்ததற்காகவா என் மாடியில் ஓட்டை, முதலில் அவள் பாஸாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"அவன் என்ன சொன்னான்?" என்று மணியண்ணன் கேட்டார்.

"சிரிச்சான். சிரிச்சுட்டு எறங்கிப் போனான்." சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஞானாணு அவனை விளிச்சது, மோளே. அன்னைக்கு போன் பண்ணினதும் ஞான்தான்."

நான் படியேறி மாடிக்குப் போனேன். வெறும் தளம். கைப்பிடிச் சுவரில் தகடு இருந்த இடமெல்லாம் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அத்தான். நான் சிரிப்புக்குள் வைத்துச் சொன்னதைப் பிரித்து எடுத்து, மூன்று நாள் மனதில் வைத்திருந்து, அந்தக் குன்றேறிப் போய் நின்றிருக்கிறீர்கள். எனக்குப் பயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சார் சிரித்ததைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்றா?

இதைக் கேட்டு என் மனம் ஆறும் என்று மணியண்ணன் நினைத்தார். எனக்கு அன்றுதான் உடைந்தது. நீங்கள் என்னை நம்பிப் போனீர்கள். போன இடத்தில், ஏன் என்று கேட்டால் சொல்ல உங்கள் கையில் என்ன இருந்தது? காற்று கீழிருந்து எப்படித் தள்ளும், மேலே எப்படி இழுக்கும், முப்பது அடி ஷீட்டு எவ்வளவு வலுவில் எழும்பும், இதெல்லாம் என் நோட்டில் இருந்தது. உங்கள் கையில் இருந்தது என் கேலி மட்டும். அதை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றிருக்கிறீர்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதித் தந்திருந்தால், நீங்கள் சிரித்துவிட்டுத் திரும்பியிருக்க மாட்டீர்கள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை மிதித்த கால் நின்றது.

"எங்கிட்டச் சொல்லல்லியே" என்றாள். "அதுக்குத்தான் ரெண்டு மூணு நாள் மொகம் ஒரு மாதிரி இருந்துது. நான் வயிறு செரியில்லன்னு நெனச்சு இஞ்சிச் சாறு குடுத்தேன்."

பிறகு மெஷினின் இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள். "நானும் வருவேன். நீ பேசு. நான் பக்கத்துல நிக்கேன்."

மாசியில் ஆரம்பித்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். முதல் வீட்டுக் கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். மணி அடிக்கக் கை வரவில்லை. அக்கா அடித்தாள். கதவு திறந்ததும் வீட்டில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "உங்கள் கூரையைப் போட்டவர் என் அத்தான். இறந்துவிட்டார். வேலை நல்ல வேலை. ஆனால் தூணுக்கு அடியில் பிடிப்பு போதாது. நான் பார்க்கலாமா?" முழுவதையும் சொல்லி முடித்தேன்.

எல்லாரும் நல்லபடியாகக் கேட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள். வலியசாலைப் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மாள் மிகவும் மரியாதையாக, "அதெல்லாம் பகவான் பாத்துப்பார், நீங்க காபி சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றாள். காபி நன்றாக இருந்தது. போல்ட்டு போட விடவில்லை. இன்னொரு வீட்டில் ஒருவர், "பணி அறியாத்தவன் செய்து வச்சிட்டுப் போயாச்சு" என்றார். நான் தலையைக் குனிந்தேன். அக்கா குனியவில்லை.

"மேல கேறிப் பாரும்" என்றாள். "நாலு வருஷமாச்சு. அவருக்க வெல்டு ஒண்ணாவது விட்டிருக்கா, பாத்துட்டு வந்து சொல்லும். டெரஸ்ல ஓட்ட போடப்பிடாதுன்னு சொன்னது யாரு? நீரா, அவரா?"

அந்த மனிதர் அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். அக்காவுக்கு இப்படிப் பேச வரும் என்று உங்களுக்காவது தெரியுமா?

வேலை பெரிய வேலை இல்லை. கீழே பீம் எங்கே ஓடுகிறது என்று நான் அளந்து குறித்துக் கொடுப்பேன். தூண் அந்த இடத்துக்கு நேராக இல்லாவிட்டால் மணியண்ணன் அங்கே ஒரு புதுக் கால் இறக்கிப் பற்ற வைப்பார். பிறகு துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, பசை ஊற்றி, போல்ட்டை இறக்குவோம். மறுநாள் வந்து இறுக்குவோம். ஒழுகும் என்ற பயத்துக்கு, தகட்டைச் சுற்றித் தண்ணீர் தங்காமல் சின்ன மேடு கட்டிப் பூசிவிடுவோம். அவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே மாடிக்குப் போய்த் தூணின் அடியைக் குனிந்து பாருங்கள். அது சுவரின் பூச்சில் நிற்கிறதா, வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதினாறு வீடு முடிந்தது, அத்தான். மூன்று வீடு மாட்டேன் என்றது. இரண்டு போட்டோ எந்த வீடு என்றே தெரியவில்லை. வானமும் உங்கள் கட்டைவிரலும்தான் தெரிகிறது.

இருபத்திரண்டாவது, குன்றின் மேல் வீடு. போன சனிக்கிழமை அங்கே போனோம். மணியண்ணன் தூண்களை இந்தத் தடவை நேராகத் தளத்திலேயே இறக்கியிருந்தார். துளை போடும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சாரைப் பார்த்தார். சார் மாடிக் கதவருகே ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் கேட்டார்.

"மோள் பாஸாயோ?"

"ஆயி, சார்" என்றேன்.

"எந்நா போடு" என்றார். போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மெஷின் சத்தம் நிற்கும் வரை வெளியே வரவில்லை.

முதல் துளைக்கு நானே மெஷினைப் பிடித்தேன். கை முழுவதும் அதிர்ந்தது. வெள்ளைத் தூசி முகத்தில் அப்பியது. அக்கா கைப்பிடிச் சுவரோரமாக, நீங்கள் தொட்டியில் கயிற்றைச் சுற்றப் போன இடத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஆழம் என்று நினைக்கிறீர்கள்? என் விரல் நீளம்கூட இல்லை. ஒரு தூணுக்கு இப்படி நாலு. இதற்காகத்தானா, அத்தான்? இவ்வளவுக்குத்தானா?

மழை வரட்டும். முதல் மழைக்கு நான் அந்த மாடிக்குக் கீழே உள்ள அறையில் போய் நின்று, ஒரு சொட்டு ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். உங்கள் பொறுப்பு என்று அவரிடம் சொன்னீர்களே, அது இனி என் பொறுப்பு. மாட்டேன் என்ற மூன்று வீட்டுக்கும் மறுபடி போவேன். காபி கொடுத்தாலும் குடித்துவிட்டு மறுபடி கேட்பேன். கடலுக்குப் போக வேண்டாம் என்று விழிஞ்ஞத்தில் மைக் சொல்லத் தொடங்குகிற ஒவ்வொரு நாளும், உங்கள் வீடுகள் ஒன்று விடாமல் போன் செய்வேன். எடுப்பவர் யாராக இருந்தாலும், அன்று வாசலில் நின்று உங்களிடம் சொல்லாமல் விட்டதைச் சிரிக்காமல் சொல்வேன். மேலே ஏறாதீங்க. கூரை போனால் போகட்டும். யாரும் மேலே ஏறாதீங்க.

இப்படிக்கு,
பாஸாகிவிட்ட உங்கள் கொழுந்தியாள்,
பெனிலா